கண்ணாடிக்குள் ஒரு சாவி

விசாரணைக் கூட்டத்திற்கு வந்திருந்தவர்கள்:

இயக்குநர், தலைமை.
நிர்வாக அலுவலர், மூன்று கோப்புகளுடன்.
பாதுகாப்புப் பிரிவுத் தலைவர்.
மூத்த விஞ்ஞானி, ஏழாம் அறையின் பொறுப்பாளர்.
குறிப்பெழுதும் எழுத்தர்.
சான்று எண் ஒன்று: தீப்பெட்டி அளவுள்ள கண்ணாடித் தகடு.
சான்று எண் இரண்டு: மேற்படித் தகட்டின் மேல் கிடைத்த வெல்வெட் நூல், ஒன்று. முத்திரையிட்ட உறையில்.
குற்றம் சாட்டப்பட்டவர்.

எழுத்தர் இந்த வரிசையில்தான் எழுதினார். நூலுக்கு அப்புறம்தான் ஆள். நூலுக்காவது ஓர் எண் இருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது முப்பத்தாறு. கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஒன்பது வருடமாக ஏழாம் அறையில் தற்காலிக உதவியாளன். மூன்று வாரமாக நிறுவனம் முழுக்க அவனுக்கு 'வெல்வெட்' என்று பெயர். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட, "வெல்வெட்டுக்குச் சர்க்கரை கம்மி" என்று குரல் கொடுத்தார்.

பட்டியலில் ஒரு விஷயம் இல்லை. மூத்த விஞ்ஞானி அவனுடைய சொந்த அக்காவின் புருஷன். வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'உறவினர் எவரேனும் இந்நிறுவனத்தில் பணிபுரிகின்றனரா?' அவன் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தான். பக்கத்தில் நின்ற அத்தான்தான் சொன்னார்.

"இல்லைன்னு எழுது மாப்ளே. படிவத்துக்கு உண்மை தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

எழுதினான். அன்றிலிருந்து வீட்டில் அத்தான், கட்டடத்துக்குள் சார். ஞாயிற்றுக்கிழமை ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள் திங்கட்கிழமை லிஃப்டில் ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

ஏழாம் அறையின் வேலை, சொன்னால் சின்ன வேலை. கைபேசியிலும் டி.வி.யிலும் இருக்கிற திரைக்குள் திரவப் படிகம் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத குச்சிகள் கோடிக்கணக்கில் மிதக்கிற எண்ணெய் மாதிரி. குச்சிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தால்தான் படம் தெரியும். படுக்க வைப்பதற்குக் கண்ணாடியின் மேல் பாலிமர் படலம் ஒன்றைப் பூசி, அதை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். தேய்த்த திசையில் குச்சிகள் படுக்கும். ஆனால் துணி என்றால் தூசு வரும், நூல் வரும், கீறல் வரும். ஆகவே தொடாமல் செய்ய வேண்டும். ஒரே திசையில் மட்டும் அதிரும் லேசர் ஒளியைப் படலத்தின் மேல் விழவைத்தால் போதும். அந்த அதிர்வுக்குக் குறுக்கே குச்சிகள் தாமாகப் படுத்துவிடும். ஒளியின் திசையைத் திருப்பினால் குச்சிகளும் திரும்பும்.

இது புத்தகத்தில் இருக்கிறது. ஏழாம் அறையில் நான்கு வருடம் நடக்கவில்லை. ஐந்தாம் வருடம் நடந்தது. நடத்தியவன் அவன்தான். படலத்தை எவ்வளவு சூட்டில் சுட வேண்டும், எவ்வளவு ஆறவிட வேண்டும், எத்தனை விநாடி ஒளி காட்ட வேண்டும் என்று எழுநூற்றுச் சொச்சம் தகடுகளைப் பாழாக்கித் தெரிந்துகொண்டான். அத்தான் ஏழாம் அறைக்கு வருவது அபூர்வம். அங்கே அவருக்குத் தும்மல் வரும். லேசர் சூடாக ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்காகக் காலை ஏழு மணிக்கு வர அவரால் முடியாது. ஆகவே விதிப்படி தன்னிடமே இருக்க வேண்டிய சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நீயே வச்சுக்கோ. என்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன?" சாவிப் பதிவேட்டில் மட்டும் சாவி அத்தானிடமே இருந்தது.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஓர் உயர் குழு வருவதாகக் கடிதம் வந்தது. நிறுவனம் தலைகீழானது.

முதலில், லேசர் பெட்டி பழசாகத் தெரிகிறது என்று இயக்குநர் சொன்னார். அதற்கு நிறுவனத்தின் நீல வண்ணம் அடித்தார்கள். பெயிண்ட் காய்வதற்குப் பத்து நாள் அதை இயக்கக் கூடாது. அடுத்து, உயர் குழு நிற்கும் அறையில் லேசர் எரியவே கூடாது என்று பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் சுற்றறிக்கை விட்டார். இவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். லேசருக்குப் போடுகிற பச்சைக் கண்ணாடியை எங்கேயும் கழற்ற மாட்டார். சிறுநீர் கழிக்கும்போதுகூடப் போட்டிருந்ததாகச் சாட்சி உண்டு. மூன்றாவதாக, இந்த லேசரின் ஒளி கண்ணுக்கே தெரியாது என்று யாரோ இயக்குநரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வருத்தப்பட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்கு யாருய்யா கை தட்டுவாங்க?"

ஆகவே நீலப் பெட்டியின் வாயில் ஒரு சிவப்பு பல்பு மாட்டினார்கள்.

"சார், அப்போ தகடு எப்படி வேலை செய்யும்?" என்று அவன் அத்தானைக் கேட்டான். "பழைய நல்ல தகடு நூறு இருக்கு. அதுல ஒண்ண எடுத்து வைக்கவா?"

"அதெல்லாம் ஸ்டாக்ல ஏறினது. இன்னைக்குத் தகட்டுக்கு இன்னைக்கு நம்பர் வேணும்." அத்தான் குரலைத் தாழ்த்தினார். "பேசாம ஒரு தகட்டத் துணியால தேய்ச்சு வச்சிரு மாப்ளே. ரெண்டும் பார்க்க ஒண்ணுதானே. ஒரே ஒரு தடவ."

படிவம் எழுதிய நாளுக்குப் பிறகு கட்டடத்துக்குள் அவர் அவனை மாப்ளே என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவன் தேய்த்தான்.

சிவப்பு பல்பு எரிந்தது. உயர் குழு கை தட்டியது. குழுவில் வந்த ஓர் அம்மாள் மட்டும் கைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துத் தகட்டைப் பார்த்தார். "லேசருக்கு எப்பலேர்ந்து நூல் உதிருது?" என்றார்.

அவ்வளவுதான். லேசரால் ஒன்றும் நடக்கவில்லை, உதவியாளன் ஐந்து வருடமாகத் துணியால் தேய்த்து எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறான் என்று குற்றச்சாட்டுப் பத்திரம் தயாரானது. ஏழாம் அறைக் கதவின் மேல் காகிதம் ஒட்டி முத்திரை வைத்தார்கள். சாவியை யாரும் கேட்கவில்லை. அது பதிவேட்டின்படி பத்திரமாக இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்குப் போனான். அத்தான் கால் நீட்டி உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேல போனாலும் போகட்டும் அத்தான். ஏமாத்துனான்னு பேரு வரக்கூடாது. நீங்கதான் தேய்க்கச் சொன்னீங்கன்னுகூட நான் சொல்லப் போறதில்ல. லேசர்ல நெஜமாவே நடந்துச்சு, அத இவன்தான் செஞ்சான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"இது ஒரு விஷயமா? நான் அந்த மேஜையிலதானே உக்காந்திருக்கப் போறேன். நான் இருக்கறப்போ உன்மேல தூசு விழுமா?"

"அவரு சொல்லிட்டாருல்ல, விடுடா. மூஞ்சியப் பாரு, மூணு நாளா சாப்பிடாதவன் மாதிரி" என்றாள் அக்கா.

அவன் வயிறாரச் சாப்பிட்டான். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவனுக்கு அதிகம் அசிங்கமாக இருந்தது.

கூட்டம் இயக்குநரின் உரையோடு ஆரம்பமானது.

"இந்த நிறுவனத்தோட தத்துவமே ஒழுங்குதான். ஒரு திரவப் படிகம் என்ன செய்யுது? மேலேர்ந்து வெளிச்சம் எந்தத் திசைல வருதோ, அதுக்குத் தகுந்த மாதிரி படுத்துக்குது. ஏன், எதுக்குன்னு கேக்கறதில்ல. முப்பது வருஷமா நானும் அப்படித்தான் படுத்து வந்திருக்கேன். அதனாலதான் இன்னைக்கு இந்த நாற்காலில நிமிர்ந்து உக்காந்திருக்கேன்."

எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"உங்க தரப்புல என்ன சொல்றீங்க?" என்று நிர்வாக அலுவலர் கேட்டார். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் பேசுகிற அம்மாள். அவர் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு.

அவன் சட்டைப் பையிலிருந்து, பஞ்சில் சுற்றிய ஒரு தகட்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இது லேசர்ல செஞ்சது மேடம். துணியால இதச் செய்யவே முடியாது. துணின்னா முழுசும் ஒரே பக்கமாத்தான் தேய்க்கலாம். இதுக்குள்ள ஒரு உருவம் இருக்கு. மொதல்ல முழுத் தகட்டுலயும் ஒரு திசைல ஒளி காட்டினேன். அப்புறம் மேல ஒரு பொருள வச்சு மறைச்சு, ஒளியத் திருப்பி இன்னொரு தடவ காட்டினேன். மறைஞ்ச எடத்துல பழைய திசை, மத்த எடத்துல புதுத் திசை. ஓரம் பாருங்க, கத்தியால வெட்டின மாதிரி இருக்கும்."

தகடு கைமாறியது. இயக்குநர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"வெறும் கண்ணாடிய்யா இது."

"வெறும் கண்ணால தெரியாது சார். ஒரே திசைல அதிர்ற வெளிச்சத்த மட்டும் விடற வடிகட்டித் தாள் இருக்கு. அது ரெண்டுக்கு நடுவுல வச்சுப் பார்க்கணும்."

"அந்தத் தாள் எங்க?"

"ஏழாம் அறைல."

"அறை முத்திரைல இருக்கு" என்றார் நிர்வாக அலுவலர். "விசாரணை முடிஞ்சாத்தான் முத்திரை ஒடைக்கலாம்."

"தாள் வந்தாத்தானே மேடம் விசாரணை முடியும்?"

"அது உங்க பிரச்சனை. முத்திரை பத்தின விதில விசாரணை பத்தி ஒண்ணும் இல்ல."

'சான்று எண் மூன்று: பார்க்கப்பட்டது. ஒன்றும் தெரியவில்லை' என்று எழுத்தர் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்.

"எனக்கு எல்லாம் பச்சையாத் தெரியுது" என்றார் கண்ணாடிக்காரர். "அதையும் எழுதிக்குங்க."

அவன் அத்தானைப் பார்த்தான். அத்தான் தன் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. வரும், கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் இயக்குநரின் மேஜை அவன் கண்ணில் பட்டது. திறந்து வைத்த மடிக்கணினி. அதன் பக்கத்தில் அவருடைய கூலிங் கிளாஸ். வெளிநாடு போனபோது வாங்கியது, தண்ணீர் மேல் அடிக்கிற கூச்சமே தெரியாது என்று போன வருட ஆண்டு விழாவில் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

"சார், தாளே வேணாம். உங்க கம்ப்யூட்டர் திரைலேர்ந்து வர்ற வெளிச்சமே ஒரே திசைல அதிர்ற வெளிச்சம்தான். உங்க கூலிங் கிளாஸும் ஒரு வடிகட்டிதான். வெள்ளைப் பக்கம் ஒண்ணத் திறந்து வைங்க. கிளாஸப் போட்டுக்குங்க. தலைய லேசாச் சாய்ங்க."

"இயக்குநர் தலையச் சாய்க்கறதுக்கு நடைமுறை ஏதாவது..." என்று நிர்வாக அலுவலர் பக்கங்களைப் புரட்டினார். அதற்குள் இயக்குநர் சாய்த்துவிட்டார். திரைக்கு முன்னால் அவன் தகட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினான்.

வெள்ளைத் தகட்டுக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு சாவி எழுந்து வந்தது. வளையம், வளையத்தில் ஓட்டை, தண்டு, நான்கு பல். மூன்றாவது பல் பாதியில் உடைந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"அட!" என்றார் இயக்குநர். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நேர்மையான சொல் அதுவாக இருக்கலாம்.

கூலிங் கிளாஸ் வட்டமாகச் சுற்றி வந்தது. ஒவ்வொருவராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் தன் பச்சைக் கண்ணாடிக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு, "பச்சைச் சாவி" என்றார். அவனுக்குக் கண் கலங்கியது. ஐந்து வருடத்தில் இவர்கள் யாரும் அவன் செய்ததைப் பார்த்ததே இல்லை.

நிர்வாக அலுவலர்தான் அதிக நேரம் பார்த்தார். கிளாஸைக் கழற்றி, முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார்.

"இது எந்தச் சாவி?"

"ஏழாம் அறைச் சாவி மேடம். மறைக்கிறதுக்குன்னு ஒரு தகடு கேட்டு விண்ணப்பம் போட்டு பதினோரு மாசம் ஆச்சு, வரல. அதனால கைல இருந்தத..."

அவன் நிறுத்தினான்.

"கைல இருந்தத" என்று எழுத்தர் எழுதி முடித்தார்.

நிர்வாக அலுவலர் இரண்டாவது கோப்பைத் திறந்தார். "ஏழாம் அறைச் சாவி அறைப் பொறுப்பாளர்கிட்ட மட்டுமே இருக்கணும். பூட்டிக் காவலர்கிட்ட ஒப்படைச்சா, பொறுப்பாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திரும்பத் தரலாம். வேற யாருக்கும் தரக்கூடாது. இயக்குநரா இருந்தாலும் சரி." அத்தான் பக்கம் திரும்பினார். "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

இப்போது வரும் என்று அவன் நினைத்தான். இதைவிடச் சரியான இடம் கிடையாது.

அத்தான் பேனா மூடியை மாட்டினார். அழுத்தி மாட்டினார்.

"என் மேஜை டிராயர்லதான் இருந்துச்சு. அவர் எப்படி எடுத்தார்னு எனக்குத் தெரியல."

அவர். மாப்ளே போய், நீ போய், ஒன்பது வருட வாடா போடா எல்லாம் போய், ஒரு மரியாதைச் சொல்லில் அவனை ரோட்டில் நிறுத்தியாகிவிட்டது.

"சார்..." என்றான். அத்தான் என்று கூப்பிட வாய் திறந்தது. படிவத்தில் எழுதிய 'இல்லை' குறுக்கே வந்தது. அத்தான் என்று சொன்னால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் எழுதியதும் பொய் என்றாகும்.

குழு கால் மணி நேரம் தனியாகப் பேசியது. தனியாக என்றால், அவனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பேசியது. வெளியே காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளுக்கும் நீல வண்ணம் அடித்திருந்தார்கள், இன்னும் காயவில்லை.

அப்புறம் இயக்குநர் தீர்ப்பைச் சொன்னார்.

"மொதல் குற்றச்சாட்டு, வெல்வெட். இந்த நிறுவனம் இதுவரைக்கும் வெல்வெட் வாங்கினதா ஸ்டோர்ஸ்ல ஒரு பதிவும் இல்ல. வாங்காத துணில தேய்க்க முடியாது. அதனால அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடி. நூலு காத்துல வந்திருக்கலாம்."

எழுத்தர் நிமிர்ந்து, "சான்று எண் ரெண்ட என்ன செய்யறது சார்?" என்றார்.

"பத்திரமா வைங்க. ரெண்டாவது, இந்தத் தகடு. இது ஒரு மகத்தான சாதனை. மூத்த விஞ்ஞானி தலைமையில நம்ம நிறுவனம் செஞ்ச சாதனை. அடுத்த மாசம் உயர் குழுவத் திரும்பக் கூப்பிடறோம். இந்தச் சாவியவே நம்ம சின்னமா வச்சுக்கலாம்னு இருக்கேன். மூணாவது, அனுமதி இல்லாம சாவிய வச்சிருந்தது. அதுக்குச் சாட்சி இந்தத் தகடே. பணி நீக்கம். இன்னைக்கே."

"சார், தகட்ட நான்தானே செஞ்சேன்?"

"அதத்தானேய்யா நாங்களும் சொல்றோம்?"

"அப்போ சாதனை..."

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். கூலிங் கிளாஸைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். "குத்தம்னா தனி மனுஷனுது. சாதனைன்னா நிறுவனத்துது. இதுல என்ன குழப்பம்? மாத்திப் போட்டா நிறுவனம் எப்படி நடக்கும்? நான் எப்படி நடப்பேன்?"

முத்திரைக் காகிதத்தைக் கிழித்தார்கள். சாயங்காலம் ஐந்துக்குள் சொந்தப் பொருட்களை எடுத்துக்கொண்டு, அறையைப் பூட்டி, சாவியைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அவனுக்குச் சொந்தப் பொருள் ஒரு டம்ளரும் ஒரு ஸ்வெட்டரும்தான்.

அவன் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் தும்மல் சத்தம் கேட்டது. அத்தான். கண்ணாடிக்காரரின் விதிப்படி கைபேசியை வெளியே இருந்த தட்டில் வைத்துவிட்டு வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. அவர் என்றைக்குமே போட்டதில்லை.

"மாப்ளே, கோவிச்சுக்காத. அந்த எடத்துல எனக்கு வேற வழி இல்ல. நானும் மாட்டியிருந்தா உன் அக்கா கதி என்ன? யோசிச்சுப் பாரு, உனக்காகத்தான் வாய மூடிக்கிட்டேன்."

அவன் டம்ளரைக் காகிதத்தில் சுற்றினான்.

"அடுத்த மாசம் அவங்க முன்னாடி நெஜ லேசர்ல செஞ்சு காட்டணுமாம். எத்தன விநாடி ஒளி காட்டின? எவ்வளவு சூட்டுல சுட்ட?"

"அத்தான், சாவி யாரு குடுத்தா?"

"இப்ப அத எதுக்கு நோண்டற? முடிஞ்சு போச்சு."

"வெளிய யாரும் இல்ல. எனக்காக ஒரு தடவ சொல்லுங்க. நான் குடுத்தேன்னு. நான் கேட்டுட்டுப் போயிடறேன்."

அத்தான் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எத்தன விநாடின்னு சொல்லு மாப்ளே" என்றார்.

அவன் டம்ளரைப் பைக்குள் வைத்தான்.

"உள்ள, கறுப்புத் திரைக்குப் பின்னாடி அலமாரி. கீழ்த் தட்டுல நாலு நோட்டு. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

அத்தானின் முகம் தெளிந்தது. "அதான் எங்க மாப்ளே" என்று தோளைத் தட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். மூன்று தும்மல் கேட்டது. அப்புறம் காகிதம் புரளும் சத்தம்.

அவன் வெளியே வந்து, ஒளியும் ஒலியும் கசியாதபடி செய்த அந்தக் கனமான கதவைச் சாத்தினான். தும்மல் நின்றுவிட்டது. தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து காவலர் படிவத்தோடு வந்தார்.

"கெளம்பிட்டியாப்பா? கஷ்டமாத்தான் இருக்கு. என்ன பண்றது, இதுல எழுதிக் குடுத்துரு. சாவிய வாங்கிட்டேன்னா இனிமே பொறுப்பாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தருவேன். அவரு எப்ப வர்றது, நான் எப்பக் குடுக்கறது."

"விதி விதிதானே அண்ணே."

அவன் படிவத்தைக் கதவின் மேலேயே வைத்து நிரப்பினான். பெயர். பதவி. தேதி. கடைசிக் கேள்வி: 'அறையின் உள்ளே எவரேனும் உள்ளனரா?'

காவலர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "உள்ள போனதா யாரு கையெழுத்தும் இல்ல."

பேனா ஒரு கணம் நின்றது. இந்தத் தடவை பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லை. வேண்டியும் இருக்கவில்லை. 'இல்லை' என்று எழுதினான்.

மூன்றாவது பல் உடைந்த சாவி. ஒரு தடவை திருப்பினால் பிடிக்காது. இரண்டு தடவை திருப்பினான்.